விடியற்காலையில் ‘ஏதோ பூச்சி கடிச்சிருக்கு’ என்று யாராவது சொன்னால்

1996, ஆடி மாதம். செய்யாறு பக்கத்தில் எங்கள் ஊர். என் அண்ணன் மகனுக்கு அப்போது 11 வயது. புழுக்கம் தாங்காமல் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். விடியற்காலை 4 மணி வாக்கில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றான். அண்ணி ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்துத் திரும்பப் படுக்க வைத்தார். 5 மணிக்கு அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிய ஆரம்பித்தது. அடுத்த தெருவில் இருந்த என்னை அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, பல் பட்ட தடம் இல்லை. ஏதோ விஷக் காய்ச்சல் என்று நினைத்தேன். வண்டி பிடித்துப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மதியம் அந்தப் பாயைச் சுருட்டப் போன பக்கத்து வீட்டு ஆயா அலறினார். பாய்க்கு அடியில், கறுகறுவென்று, வெள்ளைக் கோடுகளோடு ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு 26 வருஷம் அதே வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பாம்புக் கடியைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டேன், பாம்பு பிடிக்கும் இருளர்களிடம் கேட்டேன், கடிபட்டுப் பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டேன். புலி, யானை என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்தில், மழைக்காலத்தில், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலேயே போனவர்கள்.

இதில் எழுதுவதெல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான். பாம்பு கடித்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. எங்கே போவது, யார் வண்டி, எதைச் செய்யக் கூடாது என்பதை இன்றைக்கே முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையிலிருந்து ஆரம்பிப்போம்

கட்டுவிரியன் பகலில் மந்தமாகக் கிடக்கும். இரவில்தான் இரை தேடும். எலி, பல்லி, மற்ற பாம்புகள் எல்லாம் அதற்குத் தீனி. அவற்றைத் தேடித்தான் வீட்டுக்குள் வருகிறது. நம்மைத் தேடி வருவதில்லை. தரையில் படுத்திருப்பவர் புரண்டு அதன் மேல் கை, காலைப் போடும்போது கடிக்கிறது. அதன் பல் மிகச் சிறியது. கொசு கடித்தது போலக்கூட இருக்காது. பலர் விழிப்பதே இல்லை.

அதனால் என் முதல் அறிவுரை கட்டில். இரும்புக் கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ, எதுவாக இருந்தாலும் சரி. சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையில் தொங்கக் கூடாது. அதைப் பிடித்தும் ஏறும். கட்டில் வாங்க முடியாதவர்கள் கொசுவலை வாங்குங்கள். வலையைச் சும்மா தொங்க விட்டால் பயன் இல்லை. நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். கொசுவுக்கும் ஆயிற்று, பாம்புக்கும் ஆயிற்று. தடுப்பூசி போட வீடு வீடாகப் போகும்போது நான் தவறாமல் சொன்ன பேச்சு இது. “நர்சம்மா வந்தா வலையப் பத்தித்தான் பேசும்” என்று பெண்கள் சொல்வார்கள்.

அடுத்தது எலி. எலி இருக்கிற வீட்டுக்குப் பாம்பு வரும். நெல் மூட்டையையும் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையையும் படுக்கிற அறையில் அடுக்காதீர்கள். வேறு வழி இல்லையென்றால் பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். மண் சுவரில் உள்ள வளைகளைச் சிமெண்டும் உடைந்த கண்ணாடியும் கலந்து அடையுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்க்குக் கம்பி வலை போடுங்கள். வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் பாம்புக்குப் போதும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கதவின் அடியில் ஆணி அடித்து வைத்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நல்ல யோசனை அது. விறகு, வரட்டி, செங்கல் அடுக்கு, கோழிக் கூண்டு இவையெல்லாம் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். செருப்பையும் ஷூவையும் ஹெல்மெட்டையும் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

சிறியாநங்கைச் செடி வைத்தால் பாம்பு வராது என்பார்கள். நானும் நம்பித்தான் வீட்டைச் சுற்றி வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அந்தச் செடிக்கு அடியிலேயே ஒரு நல்ல பாம்பு படுத்திருந்ததைப் பார்த்தேன். பூண்டு, பெருங்காயம் கரைத்துத் தெளிப்பது, உப்பு கொட்டுவது எதுவும் உதவாது. அந்தக் காசைச் சேர்த்து வலை வாங்குங்கள்.

வயலில்

கண்ணாடி விரியனுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நல்ல பாம்பு ஆள் வரும் அதிர்வு தெரிந்தால் பெரும்பாலும் விலகிப் போகும். கண்ணாடி விரியன் நகராமல் அப்படியே கிடக்கும். காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் அதன் நிறம் அப்படியே கலந்துவிடும். உடம்பில் சங்கிலி கோத்தது போலப் பழுப்பு வட்டங்கள் மூன்று வரிசையாக இருக்கும். கோபம் வந்தால் குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடாதீர்கள். அப்படியே நின்று, கண்ணால் பார்த்து, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். மலைப்பாம்புக் குட்டி என்றும் மண்ணுளி என்றும் நினைத்து இதைக் கையால் தூக்கியவர்களை எனக்குத் தெரியும். இது முட்டையிடாமல் குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகூட இருக்கும். பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

நெல் அறுப்பில் கை முதலில் போகிறது, கண் பின்னால் போகிறது. கதிர்க்கட்டைத் தூக்கும்போது அடியில் கையை விடுவதற்கு முன் அரிவாள் நுனியாலோ குச்சியாலோ ஒரு புரட்டுப் புரட்டிவிடுங்கள். கரும்பில் சோகை உரிக்கும்போதும் இதேதான். வைக்கோல் போரில் அடியிலிருந்து பிடுங்காமல் மேலிருந்து எடுங்கள்.

இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்குத்தான் இன்னும் ஆபத்து. மும்முனை மின்சாரம் ராத்திரியில் விடும்போது மோட்டார் போட ஆள் போய்த்தான் ஆக வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போகும்போது டார்ச் லைட் கையில் இருக்கட்டும். செல்போன் வெளிச்சம் காலடிக்கு மேல் எட்டாது. காலில் முழங்காலுக்குக் கீழ் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பாம்புக் கடியில் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும் என்று ஆண்கள் சொல்வார்கள். உண்மைதான், நடவு வயலில் அது முடியாது. ஆனால் வரப்பில் நடக்கும்போது போடலாமே. கையில் ஒரு கம்பு வைத்து முன்னால் தட்டிக்கொண்டே போங்கள். மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்ததும் சுவிட்சில் கை வைக்காமல் முதலில் மூலைகளில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

கல் பாங்கான காடு, முள் வேலி, காய்ந்த கொல்லை என்றால் சுருட்டை விரியன். முழ நீளம்தான் இருக்கும். உடம்பைச் சுருட்டி உரசிக்கொண்டு ரம்பம் அறுப்பது போலச் சத்தம் கொடுக்கும். கல்லைப் புரட்டும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் இவற்றுக்கு விஷம் கிடையாது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். பாவம், அது ஓணான் பிடித்துத் தின்கிற பாம்பு. ஆனால் ஒன்று: கட்டுவிரியன் போலவே பட்டை போட்ட விஷமில்லாத பாம்பும் இருக்கிறது. இருட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாம்பு கடித்தது என்றால் எந்தப் பாம்பாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறையப் பேர். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். வந்து பிடித்துப் போவார்கள்.

கடித்துவிட்டால்

எங்கள் பக்கம் இருட்டிய பிறகு பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். ‘பூச்சி’ என்பார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் போய் “பூச்சி கடிச்சிடுச்சு” என்று சொன்னால் சீட்டு எழுதுகிறவர் வண்டு, தேள் என்று நினைக்கலாம். அங்கே போனதும் முதல் வார்த்தையாகப் ‘பாம்பு’ என்று சொல்லுங்கள்.

அதே போல, தரையில் படுத்துத் தூங்கிய ஒருவர் விடியற்காலையில் எழுந்து ‘ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு’ என்றாலோ, காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது, தொண்டை அடைக்கிறது, இமை சொருகுகிறது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாலோ, தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். கட்டுவிரியன் கடி என்றே எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். இல்லையென்று தெரிந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். இந்த ஒரு பத்தியை 1996-இல் யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

பாம்பை நேரில் பார்த்துக் கடிபட்டால் முதலில் அதை விட்டு விலகுங்கள். உட்காருங்கள் அல்லது படுங்கள். ஓடாதீர்கள், கடிபட்ட காலை ஊன்றி நடக்கவும் வேண்டாம். தசை அசைய அசைய விஷம் உடம்பில் பரவும். பக்கத்தில் இருப்பவர் பயமுறுத்தாமல் பேச வேண்டும். விஷப் பாம்பு கடித்தாலும் சில நேரம் உடம்பில் விஷம் ஏறாமலேயே போய்விடும், மருந்து இருக்கிறது, போகலாம் என்று சொல்லுங்கள். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, உண்மையும் அதுதான்.

அப்புறம் மோதிரம், வளையல், வாட்ச், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெட்டியைக் கழற்றக் கூடாது என்று மாமியார் தடுத்து, கால் வீங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கை, காலின் இரு பக்கமும் ஒரு கட்டை அல்லது மட்டை வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். எலும்பு முறிந்தால் எப்படி அசையாமல் கட்டுவோமோ அப்படி. கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் விட மாட்டார்கள். நைலான் கயிற்றாலும் தாலிக் கயிற்றாலும் கட்டி வந்த கால்கள் கறுத்துப் போயிருக்கும். விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கிற விஷம். (வெறுமனே விரியன் என்று நான் சொல்வது கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும்தான், கட்டுவிரியனை இல்லை.) அதை ஒரே இடத்தில் தேக்கி வைத்தால் கால்தான் போகும். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டி நேரமாகிவிட்டது என்றால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும். மருத்துவர் தயாராக இருந்துகொண்டு அவிழ்ப்பார்.

பிளேடால் கீறக் கூடாது. விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாது, கீறிய இடத்தில் நிற்காமல் ஓடும். வாயால் உறிஞ்சக் கூடாது. ஐஸ் வேண்டாம். கடிவாயில் கோழி வைப்பது, விஷக்கல் வைப்பது, மந்திரிப்பது, மிளகாய் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாமே நேரத்தைத் தின்னும். மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். விஷமில்லாத பாம்பு கடித்தவர்களும், விஷம் ஏறாத கடி வாங்கியவர்களும்தான் அவர்கள். சாமி மேல் நம்பிக்கை இருந்தால் திருநீறு பூசிக்கொண்டு வண்டியில் ஏறுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் போன்றவை ரத்தப்போக்கை அதிகமாக்கும். ஊரில் ஊசி போடுகிற ஆள் யாராவது இருந்தால் அவர் கையாலும் எந்த ஊசியும் வேண்டாம். சாராயம், காபி எதுவும் வேண்டாம்; விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட மூச்சுக் குழாயில் போய்விடும். வாந்தி வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு வரத் தேவையில்லை. செத்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரம் வரை கடிக்கும். தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

வண்டி விஷயம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வர நேரமாகும் என்றால் கிடைத்த ஆட்டோவில், காரில் கிளம்பி, ஆம்புலன்ஸை எதிரே வரச் சொல்லி வழியில் மாறிக்கொள்ளலாம். பைக்தான் இருக்கிறதென்றால் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். தனியாக யாரையும் ஓட்ட விடாதீர்கள். எப்போது மயக்கம் வரும் என்று சொல்ல முடியாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் எந்த மணிக்கு எதுவரை ஏறியது என்று பேனாவால் காலிலேயே கோடு போட்டு வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

எங்கே போவது என்பதைத்தான் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். நாளைக்கே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். பாம்புக்கடி மருந்து இருப்பு இருக்கிறதா? ராத்திரி மருத்துவர் இருப்பாரா? செயற்கைச் சுவாசக் கருவி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது? நான் வேலை பார்த்த ஊர்களில் இந்தப் பதிலையும், ராத்திரியில் எழுப்பினால் வருகிற இரண்டு வண்டிக்காரர்களின் எண்ணையும் ரேஷன் கடைச் சுவரில் பெயிண்டால் எழுத வைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சுவர் எது என்று தெரியும். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக் கடி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாகிவிட்டது. எந்த ஊரில் எத்தனை கடி என்று கணக்கு வந்தால் அங்கே மருந்து கேட்பதும் சுலபம். ஆகவே சின்னக் கடி என்று மறைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

இதை விளக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் சண்டை எல்லாம் இங்கேதான் வருகிறது. “வந்து ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் மருந்து போடலை” என்று உறவினர்கள் கத்துவார்கள். பாம்புக் கடி என்று வந்த எல்லோருக்கும் அந்த மருந்தைப் போட மாட்டார்கள். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் போடுவார்கள். அதைப் பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துவிடுவார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்து கட்டியாக இருந்தால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை உறைந்திருந்தாலும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் குழாயை யாரும் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். இப்படி ஆட்டியதால் மறுபடி 20 நிமிஷம் காத்திருந்த குடும்பம் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பாதீர்கள்.

மருந்து பொடியாக வரும் வகை என்றால் அதை மெதுவாகக் கரைக்க வேண்டும், அதற்கும் நேரமாகும். முதல் தவணையே பெரும்பாலும் 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு செலுத்தும் விஷம் ஆளைப் பார்த்துக் குறையாது அல்லவா? “சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?” என்று தடுக்காதீர்கள். குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து இது. அதனால் சிலருக்கு ஒவ்வாமை வரும். அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் எது தெரிந்தாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பாம்பைப் பிடித்து வந்து, மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நாலு முறை விஷம் எடுத்து, மறுபடி பிடிபட்டால் தெரிய வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறு கொக்கி, ஒரு துணிப்பை, அவ்வளவுதான் அவர்கள் கையில். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இருளர்களைத் தெருவுக்குள் விடாத காலத்தைப் பார்த்தவள் நான். இந்த நாட்டில் எந்த மூலையில் ஒருவருக்கு அந்த மருந்து ஏறினாலும் அதில் அவர்கள் கை பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுவிரியன், நல்ல பாம்பு கடித்து மூச்சுத் தசை செயலிழந்தால் மருந்தோடு சுவாசக் கருவியும் வேண்டும். 2014-இல் பக்கத்து ஊரில் 14 வயதுப் பெண் ஒருத்தி. அதே வயிற்று வலி, அதே சொருகிய கண். அந்தத் தாய் என் வலைப் பேச்சைக் கேட்டிருந்தாரோ இல்லையோ, அறிகுறியைக் கேட்டிருந்தார். 5 மணிக்கே எனக்குப் போன் வந்தது. ஆம்புலன்ஸில் பாதி வழியில் மூச்சு நின்றது. அதில் வேலை பார்த்த தம்பி பலூன் மாதிரியான பையை அழுத்தி அழுத்தி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை கை எடுக்காமல் காற்றுக் கொடுத்தார். மூன்று நாள் கருவியில் இருந்தாள். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. போய்விட்டாள் என்றே உறவினர்கள் அழுதார்கள். நாலாம் நாள் கால் விரல் அசைந்தது. ஒரு வாரம் கழித்துப் பேச வந்ததும், தலைமாட்டில் நின்று யார் யார் என்ன சொல்லி அழுதார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கிறது! அந்த நிலையில் இருப்பவர் பக்கத்தில் நின்று சாவைப் பற்றிப் பேசாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், சரியாகிவிடும் என்று சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

விரியன் கடித்தவருக்குச் சிறுநீரகம் கெடலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அளவு குறைந்தாலோ, டீ நிறத்தில் போனாலோ, முகம், கால் வீங்கினாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும். டயாலிசிஸ் என்றதும் பயப்படாதீர்கள். பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வரலாம். மருந்தால் வருவது அது, மாத்திரையில் சரியாகும். கடித்த இடம் கறுத்து அழுகினால் பச்சிலை வைத்துக் கட்டாமல் காட்டுங்கள். கண்ணாடி விரியன் கடித்த சிலருக்கு மாதங்கள் கழித்துத் தீராத சோர்வு, பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போன்றவை வரும். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி பாதிக்கப்பட்டதால் அப்படி. எப்போதோ கடித்ததுதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அந்தப் பழைய கடியைச் சொல்லுங்கள். அதற்காகவே டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றை யாருமே கவனிப்பதில்லை. அந்த 14 வயதுப் பெண் ஊருக்கு வந்த பிறகு ஆறு மாதம் விளக்கை அணைக்க விடவில்லை. கயிறு கிடந்தாலும் அலறினாள். விரியன் கடித்துப் பிழைத்த ஒருவர் இரண்டு போகம் வயலுக்கே போகவில்லை. சோம்பேறி என்று வீட்டிலேயே பேச்சு. சோம்பல் இல்லை அது, பயம். அதற்கும் மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சிறுநீரகத்தைக் காட்ட மறுபரிசோதனைக்குப் போகும் அதே நாளில் அங்கேயும் ஒரு சீட்டுப் போட்டுவிடுங்கள்.